ஆளுக்குப் பத்து கிலோ

இடுப்புதான் அன்று காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிட்டது. பதினாறு வருஷம் அடுத்தவன் பெட்டியைத் தூக்கிய இடுப்பு. குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் வேறு வலி. பல் தேய்க்கும்போது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் பதினெட்டுப் படி இறங்காமல் போனதற்கு இதுதான் காரணம். வேறு நொண்டிச் சாக்கு என்னிடம் இல்லை.

எங்கள் கம்பெனியில் இரண்டு விமானம். இரண்டும் சின்னது, ஆறு பேர் உட்காரலாம். பெரிய விமானம் போகாத இடங்களுக்கு வாடகைக்குப் போகும். முக்கால்வாசி மலை ஊர்கள். எனக்குத் தூக்க முடியாமல் போனபோது முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பாமல், பரீட்சை எழுதச் சொல்லி மாடி அறையில் உட்கார வைத்தார். மூன்றாவது தடவைதான் தேறினேன். அன்றிலிருந்து விமானம் எப்போது கிளம்பணும், எவ்வளவு எண்ணெய், எத்தனை ஆள், எந்த வழி என்று தாளில் போட்டுக்கொடுப்பது என் வேலை.

மலைக்குத் திட்டம் போடுகிறவன் பின்னாலிருந்து முன்னால் வரணும். முதலில் எப்படித் தப்பி வெளியே வருவது என்று பார்க்கணும், அப்புறம்தான் எப்படிப் போவது. அன்று போகவேண்டிய ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மலைக்கு நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு ஓடுபாதை. ஆறு ஒரு இடத்தில் இடதுபக்கம் வளையும். அந்த வளைவு வரைக்கும் விமானம் மனசு மாறித் திரும்பலாம். தாண்டிவிட்டால் திரும்ப இடமில்லை, இறங்கியே ஆகணும். வளைவில் திரும்பணும் என்றால் திரும்பிக்கொண்டே மேலே ஏறவும் வேண்டும். வெயிலில் காற்று மெலிந்துபோயிருக்கும். அதில் இத்தனை எடைக்கு மேல் ஏறாது. அந்த 'இத்தனை'யைத்தான் நான் தாளில் போடுகிறேன். அங்கே எண்ணெய் கிடையாது, திரும்பி வருவதற்கும் இங்கிருந்தே சுமக்கணும். பதினோரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும், அதற்கப்புறம் யாரும் போவதில்லை.

இதில் பெரிய தலைவலி மனுஷ எடை. போனில் எடையைக் கேட்டால் எல்லோரும் கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொல்வார்கள். அதனால் நான் யாருக்கும் தெரியாமல் ஆளுக்குப் பத்து கிலோ கூட்டிப் போடுவேன். தாளில் அது தெரியாது. எழுபது என்று சொன்னவர் எண்பதாக ஏறிவிடுவார், அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். எங்கள் விமானி என் தங்கை புருஷன். ஒரே வீடு, நான் மாடியில், அவர்கள் கீழே. பதினோரு வருஷமாக என் தாளை வைத்துத்தான் ஓட்டுகிறான். "மச்சான் கணக்குல எப்பவும் ஒரு ஆள் ஒளிஞ்சிருப்பான்," என்று சாப்பிடும்போது கிண்டல் பண்ணுவான். கிண்டல் என்றுதான் நானும் சிரித்தேன்.

அன்று ஒன்பது மணிக்குக் கிளம்பவேண்டிய பயணம். ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும். மலை ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய அக்கா இருக்கிறார். இன்று தாண்டுவாரா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. நான்கு பேர் என்று சொல்லியிருந்தார்கள்: அந்த அம்மா, கணவர், மகள், மருமகன். வந்து இறங்கியது ஐந்து பேர்.

"என் தம்பி," என்றார் அந்த அம்மா. "பஸ்ஸுல விடியவிடிய வந்திருக்கான். அவனை எப்படி விட்டுட்டுப் போறது?"

"நாலு பேருக்குத்தான் கணக்கு போட்டிருக்கேன்மா."

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன். கூட்டல் கழித்தல்தானே?"

தம்பி பையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

அந்த வாரம்தான் முதலாளி ஒரு தராசு வாங்கிப் போட்டிருந்தார், ஆளும் பையுமாக ஏறி நிற்கிற மாதிரி பலகைத் தராசு. ஐந்து பேரையும் ஏற்றினேன். கண்ணெதிரே உள்ள எடைக்குப் பத்து கிலோ எதற்கு என்று தோன்றியது. கூட்டாமல் போட்டுப் பார்த்தேன். தம்பிக்கு இடம் இருந்தது. எல்லையைத் தொட மூன்று கிலோ மிச்சம்.

"போகலாம்மா," என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த எடையில் ஒளிந்தவன் யாரும் இல்லை என்று மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லியிருக்கணும். அவன் கீழே விமானத்தடியில் இருந்தான். பதினெட்டுப் படி, அப்புறம் இருநூறு அடி வெயில், திரும்பி ஏற இன்னொரு பதினெட்டு. இடுப்பு வேண்டாம் என்றது. பெட்டி ஏற்றுகிறவரிடம் தாளைக் கொடுத்தனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒன்பதேகாலுக்கு விமானம் கிளம்பியது.

ஒன்பதே முக்காலுக்கு எண்ணெய் லாரிக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். உடம்பை வைத்து அவருக்குப் பீப்பாய் என்று பேர். போனை எடுத்தால் அவரே 'பீப்பாய் பேசறேன்' என்பார். கையில் எண்ணெய்ச் சீட்டு.

"கீழ ரெஜிஸ்டர் எழுதற பொண்ணு லீவு. உங்ககிட்ட குடுத்துடறேன். இந்தப் படியைக் கட்டினவன் மட்டும் என் கையில கிடைக்கணும்."

சீட்டைப் பார்த்தேன். நான் எழுதிக்கொடுத்ததைவிட எழுபது லிட்டர் கூட இருந்தது.

"இது என்ன எழுபது?"

"அதுவா, எப்பவும் போடறதுதானே."

"எப்பவும்னா?"

"மலைக்குப் போறப்பல்லாம். கேப்டன் சொல்லுவார், 'மச்சான் ஆளுக்குப் பத்து கிலோ பயப்படுவார், அந்த இடத்துல எனக்கு எண்ணெய் ஊத்து'ன்னு. நாலு பேர்னா ஐம்பத்தஞ்சு, அஞ்சு பேர்னா எழுபது. வருஷக்கணக்கா ஊத்தறேன். உங்களுக்குத் தெரியாதா?"

எழுபது லிட்டர் என்றால் ஐம்பது கிலோ. ஐந்து பேர், பத்துப் பத்தாக ஐம்பது. என் பயத்தை அச்சாக அளந்து வைத்திருக்கிறான் பயல். நான் எடைக்குப் பயந்து ஒளித்ததை அவன் எண்ணெய்க்குப் பயந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை நாள் இரண்டு திருட்டும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. இன்று நான் மட்டும் நேர்மையாக இருந்துவிட்டேன். எல்லைக்கு மேல் நாற்பத்தேழு கிலோவோடு அவன் வளைவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? இடுப்பா?" என்றார் பீப்பாய்.

"உட்காருங்க. பேசாதீங்க."

வளைவுக்கு அவன் பத்தரை மணிக்குப் போவான். அதற்கு முன்னால் வானத்திலேயே வட்டமடித்து எண்ணெயைக் குறைக்கலாம். நாற்பத்தேழு கிலோ எரிய அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் பதினொன்று தாண்டிவிடும், காற்று வந்துவிடும். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடைதான் வந்தது. ஒருவேளை எதுவும் ஆகாமல் இறங்கியும் விடலாம். திரும்பவே தேவைப்படாமல் நேராகப் போய் இறங்கினால் நாற்பத்தேழு கிலோவை யாரும் கேட்கப்போவதில்லை, அந்த அம்மாவும் அக்காவைப் பார்த்துவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அப்படித்தான் நடக்கும். ஆனால் பத்தாவது தடவை வந்துவிட்டால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி என் தங்கையிடம் போய் நிற்கவேண்டியவன் நான்.

விமானத்தில் குறுஞ்செய்தி வாங்கவும் அனுப்பவும் ஒரு கருவி உண்டு. மூன்று தடவை தப்பாக அடித்து அழித்தேன்.

"தராசு எடை. பத்து கூட்டவில்லை. எழுபது லிட்டர் இப்போதுதான் தெரிந்தது. வளைவுக்குள் போகாதே."

பதில் இல்லை. பீப்பாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே கால். பத்து இருபது. அவன் செய்தியைப் பார்க்காமல் இருக்கலாம். மலைக்கு நடுவே கருவி சரியாக வேலை செய்யாமலும் இருக்கலாம். மறுபடி அனுப்பினேன். பத்து இருபத்தாறுக்கு வந்தது:

"சரி. அடிவாரத்தில் இறங்கறேன். வேன் சொல்லுங்க."

பீப்பாய் எழுந்து தண்ணீர்க் குடத்தில் இரண்டு டம்ளர் மொண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். "நான் ஊத்தினதுதானே தப்பு?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல. நீங்க சொன்னதைச் செஞ்சீங்க."

மலைக்கு இந்தப் பக்கம் அடிவார ஊரில் ஒரு ஓடுபாதை உண்டு. அங்கே வேன் பிடிக்க ஏழு போன். அங்கிருந்து மலை ஏற எட்டு மணி நேரம்.

மாப்பிள்ளை இரண்டு மணிக்குத் திரும்பி வந்து என் அறைக் கதவைச் சாத்தினான். தொப்பியை மேஜைமேல் போட்டான்.

"பத்து கூட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"எழுபது ஊத்தறேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஜன்னலுக்கு வெளியே, கீழே பெட்டி ஏற்றுகிறவர் வெறும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"காத்துன்னு சொன்னேன். லாக் புக்லயும் அப்படியே எழுதிட்டேன்."

"காத்து எவ்வளவு இருந்துச்சு?"

"இலை ஆடலை." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தம்மா ஒண்ணுமே கேக்கல மச்சான். 'காத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்'னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாங்க. அந்தத் தம்பிதான் எனக்கு நன்றி சொன்னான். நன்றி."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது. நீங்களும் வாயைத் திறக்காதீங்க."

மறுநாள் முதலாளி வந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். காற்றைப் பார்த்துத் திரும்புகிறவன்தான் விமானி என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அன்றே தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: யார் எதை எவ்வளவு கூட்டினாலும் அங்கே எழுதிக் கையெழுத்துப் போடணும். எதற்கு இது என்று முதலாளி கேட்டார். ஒழுங்குக்கு என்றேன்.

எட்டு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். தம்பியின் மூக்குக்கண்ணாடி சீட்டுப் பையில் மாட்டிக்கொண்டதா என்று கேட்கத்தான். தேடிப் பார்த்து, இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்கம்மா?"

"நாங்க போய்ச் சேர்றப்ப ஏழரை மணி. நாலு மணி வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாளாம். 'அவளும் தம்பியும் வந்தாச்சா, வந்தாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அப்புறம் கண்ணைத் திறக்கல. மறுநாள் போயிட்டா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னைக்குக் காத்து ரொம்பவா இருந்துச்சு?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"ஆமாம்மா," என்றேன்.

"எங்க அஞ்சு பேர் உசிரைக் காப்பாத்தினீங்க. அந்தப் பைலட் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க."

மூக்குக்கண்ணாடியை அன்றே பஞ்சு சுற்றி அனுப்பிவிட்டேன். காற்று இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்த கணக்குதான் உங்களை வழியில் இறக்கியது என்கிற உண்மையை அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவருடைய நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.