நேர்கோட்டில் எட்டாயிரம் மைல்

நர்சம்மா தன் போனை என் மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் நீலக் கடலுக்கு மேல் எறும்பு அளவு மஞ்சள் விமானம். நேர்கோட்டில் எட்டாயிரம் மைல், பதினாறு மணி நேரம் என்று கீழே போட்டிருந்தது. நான் நம்பவில்லை. காலமெல்லாம் லாரி ஓட்டியவன் நான். கோடு கிழித்து அளந்தால் அது பாதை ஆகிவிடுமா?

“எங்க வந்திருக்கா?” என்றாள் இவள். மூக்கில் குழாய். பாதி காற்றுதான் வந்தது.

“கடலத் தாண்டப்போறாடி. தூங்கிட்டிருப்பா.”

“அவளாவது தூங்கறதாவது. ஜன்னலோரம் வேணும்னு எவன்கிட்டயாவது சண்ட போட்டிருப்பா.”

நர்சம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அந்த விமானத்தில் இல்லை.

முந்தின நாள் மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தார். “இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க மாமா. விசா பேப்பர் இன்னும் கைக்கு வரல.” பின்னால் மகள் அழுகிற சத்தம். அழுகை நிஜம். பேப்பர் கதை நிஜமோ என்னவோ, அந்த ஆள் பேச்சை நான் என்றைக்கும் முழுசாக எடுத்துக்கொண்டதில்லை. டாக்டரோ, இரண்டு நாள் தாங்கினால் பெரிசு என்று கையை விரித்துவிட்டார். உள்ளே வந்ததும் இவள், “கிளம்பிட்டாளா?” என்றாள். கிளம்பிட்டா என்று வாயில் வந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் நர்சம்மா, பாவம், அந்த ஊர் விமானத்தைத் தேடிப் பிடித்தாள்.

லோடு ஏற்றிப் போகும் நாட்களில், நான் சொல்கிற நேரத்தை இவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. என்ன லோடு, எத்தனை செக்போஸ்ட், மழையா வெயிலா என்று தானே கணக்குப் போட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். நான் வண்டியை நிறுத்தும்போது சாப்பாடு ஆவி பறக்கும். தப்பியதே இல்லை.

விடியும்போது, விமானம் இறங்கிவிட்டது என்று போன் காட்டியது. இவள் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள்.

“பெட்டி வர ஒரு மணி நேரம். காலைல ரோடு நெரிசல், அது ஒரு மணி நேரம். நீங்க போய் கேட்டுல நில்லுங்க. அவளுக்கு எந்தக் கட்டடம்னு தெரியாது.”

“வருவாடி. நான் இங்கயே இருக்கேன்.”

“போங்கன்னா! எதச் சொன்னாலும் தகராறு. நர்சம்மா, என் தலைய வாரி விடு தாயி. இப்படிப் பாத்தா புள்ள பயந்துடும்.”

ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நின்றேன். ஆட்டோ வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. இவள் போட்ட நேரமும் தாண்டிவிட்டது. மேலே போனால் என்ன சொல்ல? போகாமல் இருந்தால், இவள் அங்கே தனியாக.

முதல் மாடி ஜன்னலில் நர்சம்மா தலை தெரிந்தது. வந்தாச்சா என்று கையால் கேட்டாள். இல்லை என்று ஆட்டத்தான் தலையைத் தூக்கினேன். கை சாலைப் பக்கம் நீண்டுவிட்டது.

அவள் முகம் மலர்ந்து உள்ளே ஓடினாள். திரை முழுக்க விலகியது. கட்டிலின் தலைப்பக்கத்தை யாரோ திருகி உயர்த்த, சீவி முடிந்த வெள்ளைத் தலை ஒன்று ஜன்னலில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, சாலையைப் பார்த்தபடி நின்றது.