அண்ணனின் டீயில் கலந்த மருந்து

பூண்டு நசுக்கும் கல்லில் மாத்திரையைப் பொடி செய்தது மீரிம் செய்த முதல் தப்பு. திங்கட்கிழமை காலையில் அண்ணன் குபாத்தின் டீயில் கசப்போடு பூண்டு வாசனையும் சேர்ந்துகொண்டது.

"ஏய் புருல், இது டீயா கஷாயமா?" என்று குபாத் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனான். மாஸ்கோவில் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வரும் ஞாயிறு திரும்பப் போகிறான்.

கதவோரம் உட்கார்ந்து கேத்தலிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி புருலுக்கு முகம் வெளுத்துவிட்டது. மீரிம்தான் சமாளித்தாள்.

"கேத்தல் சரியா கழுவல போலண்ணே. கொஞ்சம் பாலாடை போட்டுக்கோங்க, சரியாப்போகும்."

"நர்ஸுக்குப் படிக்கிறவ சொல்றா, போட்டுக்கோடா" என்றாள் அம்மா அனார்கான். குபாத் இரண்டு கரண்டி பாலாடையைப் போட்டுக் கலக்கி ஒரே மூச்சில் குடித்தான். புருல் தலைத்துணியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படிக் கட்டின மனைவியும் கூடப் பிறந்தவளும் சேர்ந்து ஒரு மனிதனுக்குத் திருட்டுத்தனமாக மருந்து கொடுக்கிறார்கள் என்றால், நேராகச் சொல்ல வாய் இல்லாத வீடு அது என்று அர்த்தம். நாரின் நகரத்திலிருந்து மினிபஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த அந்த ஊரில் எந்த வீடும் வேறு மாதிரி இல்லை.

புருல் கல்யாணமாகி வந்து நான்கு வருடம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. போன குளிர்காலம் குபாத் வந்து போனதிலிருந்து அடிவயிற்றில் ஓயாத வலி வேறு. அம்மா அவளை ஒரு கைராசிக்காரியிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாள் கருப்பை இறங்கியிருக்கிறது என்று சொல்லி, ஆட்டுக்கொழுப்பைத் தடவி வயிற்றைப் பிசைந்து மேலே ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் புருல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுருண்டு விழுவாள். "ஏறிடும்மா, ஏறிடும்" என்று அம்மா சூடான உப்பு மூட்டையைக் கொண்டுவந்து வைப்பாள். அம்மா கெட்டவள் இல்லை. பேரப்பிள்ளை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த நல்லவள், அவ்வளவுதான். அது இன்னும் கஷ்டம்.

மீரிமுக்கு அந்த வருடம் மகளிர் நோய்ப் பாடம் தொடங்கியிருந்தது. உடலுறவால் தொற்றும் நோய்களைப் பற்றி டீச்சர் பேச ஆரம்பித்ததும் வகுப்பே நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது. மீரிமும் சிரித்தாள். கிளமிடியா என்ற ஒன்றைப் பற்றி டீச்சர் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பாதிப் பேருக்குமேல் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, உள்ளேயே இருந்து கருக்குழாயை அரித்து அடைக்கும், பெண்ணுக்குக் குழந்தை இல்லை என்று ஊர் பேசும்போதுதான் தெரியவரும் என்றார். மீரிமுக்கு அதன்பிறகு அந்த வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை.

தலைத்துணி வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லி அண்ணியை நாரினுக்கு அழைத்துப் போனாள். சோதனை முடிவு அதேதான் என்று வந்தது. டாக்டர் அம்மா இரண்டு பேருக்கும் காலையும் இரவுமாக ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இது உனக்குள்ள ரொம்ப நாளா இருந்திருக்கும்மா. குழாய் இன்னும் முழுசா அடைபடல. உன் வீட்டுக்காரரும் நீயும் ஒரே சமயத்துல சாப்பிடணும். நீ மட்டும் சாப்பிட்டா அவர்கிட்டேர்ந்து மறுபடி வரும். இன்னொரு தடவை வந்தா நான் குழந்தைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. முடிஞ்சா அவரையும் கூட்டிட்டு வா."

திரும்பி வரும் வழியில் புருல் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் எப்படிச் சொல்றது மீரிம்? 'எனக்கு ஒண்ணுமில்ல, நீ எவன்கூடப் போன'ன்னுதான் உங்க அண்ணன் முதல்ல கேப்பார்."

"அண்ணன் அப்படிக் கேக்க மாட்டாரு."

"நீ தங்கச்சி. உன்கிட்ட கேக்க மாட்டார்."

மீரிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணனிடம் தங்கை இந்தப் பேச்சை எடுப்பது என்பது அவர்கள் ஊரில் கற்பனைக்கே எட்டாத விஷயம். அண்ணன் எதிரில் அவள் காலை நீட்டிக்கூட உட்கார்ந்ததில்லை. யோசித்துப் பார்த்ததில் டீதான் சுலபமாகத் தெரிந்தது.

சுலபமா! செவ்வாய்க்கிழமை கசப்புத் தெரியாமலிருக்கப் புருல் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள். அம்மா பாய்ந்துவிட்டாள்.

"என்னம்மா இது! யாராவது கிண்ணத்தை ரொப்பிக் கொடுப்பாங்களா? குடிச்சிட்டுக் கிளம்புன்னு என் பிள்ளையைத் துரத்துறியா? அவனே இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கப்போறான்!"

"அவ கை தவறி ஊத்திட்டாம்மா" என்றாள் மீரிம்.

"நாலு வருஷமா அவளுக்குக் கை தவறிக்கிட்டேதான் இருக்கு."

அந்த ஊரில் பாதிக் கிண்ணம்தான் மரியாதை. பாதிக் கிண்ணத்தில் ஒரு மாத்திரைப் பொடியைக் கரைத்தால் குடிக்கிறவன் முகம் கோணாமல் என்ன செய்யும்? இரவு டீயில் பாலை இன்னும் தாராளமாக விட்டார்கள், பாலாடை போட்டார்கள், பழப்பாகும் போட்டார்கள். குபாத்துக்கே ருசி பிடித்துப்போயிற்று. "என் பெண்டாட்டி கைக்கு இப்பத்தான் டீ வந்திருக்கு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னான். புருல் தன் பங்கு மாத்திரையைச் சமையலறையில் வெறும் தண்ணீரில் விழுங்கினாள். மாதவிலக்கு என்று சொல்லித் தள்ளிப் படுத்துக்கொண்டாள். மீரிமுக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. மாத்திரையை ஒளித்துவைத்த பரணில் ஏறுவாள், இறங்குவாள், மிச்சமிருக்கும் மாத்திரைகளைத் தொட்டுப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை காலை நாரின் கல்லூரியில் மருந்தியல் வாய்மொழித் தேர்வு. மீரிமுக்கு முன்னால் நின்ற பெண், மீரிம் டீயில் கரைக்கும் அதே மாத்திரையைப் பற்றி மனப்பாடமாய் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: இந்த வகை மருந்தைப் பாலோடோ தயிரோடோ சேர்த்துக் கொடுக்கக் கூடாது, பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் முழுசாக ஏறாது.

மீரிம் கையிலிருந்த நோட்டை மூடினாள். இது அவளுக்குத் தெரியாதா? போன வருடமே படித்து முழு மதிப்பெண் வாங்கியவள்தானே? பால் என்றால் அவள் மனதில் வந்தது குவளையில் குடிக்கும் பால். டீ என்பது டீ. பால் விடாத டீயை அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் பார்த்ததில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் டீயைப் பால் வகையில் சேர்க்கமாட்டார்கள். கசப்பை மறைக்க அவளே பாலைப் பாலாய் ஊற்றி, அதன்மேல் பாலாடையையும் போட்டு, மருந்தைச் சாகடித்திருக்கிறாள். தன் மண்டையில் தானே நாலு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தேர்வுக்கு நிற்காமலே பையைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

வீட்டில் குளிர்கால இறைச்சிக்கான குதிரையை அறுத்திருந்தார்கள். மறுநாள் மதியம் உறவுக்காரர்களுக்கு விருந்து. முற்றத்தில் ஆவி பறந்தது. புருல் கொட்டிலுக்கு வெளியே வெந்நீரில் குடலைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். குபாத் கொட்டிலுக்குள் நின்று விலா இறைச்சிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசு. அந்த உப்பை இப்படித் தள்ளு."

மீரிம் உப்பைத் தள்ளினாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துவைத்தது ஒன்றும் நினைவில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரியே ஒப்பித்துவிட்டாள். நோயின் பெயர், அது எப்படித் தொற்றும், கருக்குழாய், சோதனை, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடவேண்டிய மாத்திரை எல்லாம். சொல்லி முடித்தபோது காது ரெண்டும் பற்றி எரிந்தது.

குபாத் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. உப்புக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன தடவை இங்கேர்ந்து போனதும், பிப்ரவரில எனக்கு எரிச்சல் வந்துச்சு. அங்க டாக்டர்கிட்ட காட்டினேன். மாத்திரை கொடுத்தாரு. சரியாப்போச்சு. எனக்கு இப்ப ஒண்ணுமில்ல மீரிம். நீ இதுல தலையிடாத."

"பெண்டாட்டிகிட்டயும் சொல்லச் சொன்னாரா அந்த டாக்டர்?"

குபாத் இறைச்சியைப் புரட்டிப் போட்டான்.

"சொன்னாரு."

மீரிம் மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை. ஒவ்வொரு வாரமும் போனில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறான். உப்பு மூட்டையை வயிற்றில் கட்டிக்கொண்டு அண்ணி சிரித்துச் சிரித்துப் பேசியதைப் பார்த்திருக்கிறான். கைராசிக்காரி வயிற்றைப் பிசைந்த கதையை அம்மா சொல்லச் சொல்ல "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டிருக்கிறான். இவனைத்தான் அவள் இத்தனை வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எங்க அண்ணன் எங்க அண்ணன் என்று பீற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்படிடா சொல்றதுன்னு நினைச்சே நாள் போயிடுச்சு" என்று அவன் மென்று விழுங்கினான். "நான் அங்க தனியா இருக்கேன். ஒரு தடவை ஏதோ ஆயிடுச்சு…"

"இப்ப அண்ணிகிட்டேர்ந்து உங்களுக்கே திரும்ப வந்திருக்கும். அதான் திங்கட்கிழமையிலேர்ந்து உங்க டீயில மாத்திரை கலந்துகிட்டிருக்கோம். அதுவும் நான் பாலை ஊத்திக் கெடுத்துட்டேன்."

குபாத் நிமிர்ந்தான். இப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "எனக்கே தெரியாம எனக்கு மருந்து கொடுத்தியா? என்ன தைரியம் உனக்கு?"

"தப்புதாண்ணே. உங்களுக்குத் தெரியாம மருந்து கொடுத்தேன். நீங்க அண்ணிக்குத் தெரியாம நோயையே கொடுத்தீங்களே."

வாசலில் ஏதோ நிழலாடியது. கழுவிய குடல் நிரம்பிய தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புருல் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கவே தேவையில்லை, முகமே சொல்லியது. தொட்டியை நிதானமாகக் கீழே இறக்கிவைத்தாள். குபாத் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. மீரிம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தண்ணீர் மொண்டு கொடுத்தாள், விறகு எடுத்துக் கொடுத்தாள். "போய்ப் படுத்துத் தூங்கு மீரிம்" என்று மட்டும் புருல் சொன்னாள். மீரிமுக்கு எங்கே தூக்கம் வரும்?

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மாமாவும் இரண்டு அத்தைகளும் வந்து சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெந்த இறைச்சியும் கொழுப்பு அடைத்த குடலும் தட்டுத் தட்டாக வந்தன. எல்லாரும் சாப்பிட்டு, கை துடைத்து, நல்வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தொண்டையைச் செருமினாள்.

"பெரியவங்க எல்லாரும் இருக்கீங்க, அதான் சொல்றேன். புருல் தங்கமான பொண்ணு. ஆனா அவ உடம்பு சரியில்ல. இன்னிக்கே அவளை அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்." சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓய்வு என்றால் என்ன என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படி ஓய்வெடுக்கப் போன எந்தப் பெண்ணும் திரும்பி வந்ததில்லை. மீரிம் அண்ணனைப் பார்த்தாள். அவன் ரொட்டித் துண்டைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். நாமே சொல்லிவிடவேண்டியதுதான் என்று மீரிம் வாயைத் திறந்தாள்.

அதற்குள் புருல் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"போறேன் அத்தை. ஆனா போற வழியில நாரின்ல டாக்டரைப் பாத்துட்டுத்தான் போவேன். இவரும் என்கூட வரணும்."

"அவன் எதுக்கும்மா? உனக்குத்தானே உடம்பு சரியில்ல?"

புருல் குபாத்தைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

பெரிய மாமா பல் குத்துவதைக்கூட நிறுத்திவிட்டார். குபாத்தின் கழுத்து நரம்பு புடைப்பதை மீரிம் பார்த்தாள். சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கதறினாள்.

"வியாதி என்னோடதும்மா" என்றான் குபாத். "நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு பிப்ரவரிலயே தெரியும். அவமேல ஒரு குத்தமும் இல்ல."

ஒரு அத்தை "ஐயோ கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கடைசியில் மகள்மேல் திரும்பினாள்.

"உனக்கும் இதெல்லாம் தெரியுமாடி? இதைத்தான் உங்க காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?"

"ஆமாம்மா" என்றாள் மீரிம். "இதைத்தான் சொல்லித் தர்றாங்க."

குபாத் எழுந்து வாசலில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தான். அம்மா விரிப்பின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு, மெதுவாகப் புருலிடம் கேட்டாள்:

"அப்போ… மருந்து சாப்பிட்டா குழந்தை பிறக்குமாம்மா?"

"தெரியாது அத்தை" என்றாள் புருல். "இனிமே அதை உங்க பிள்ளைகிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.