காவியா இல்லாத முதலிடம்

மாநில ஜூனியர் அணிக்கு நான்கு பேர். தரவரிசையில் நான் ஐந்தாவது. நாலாவதாக இருந்த செங்கத்து அருணா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாள். அவளைத் தாண்ட எனக்கு மிச்சமிருந்தது ஜவ்வாது மலைப் பந்தயம் ஒன்றுதான். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், ஜூனியர் பட்டியலில் தஸ்லீம் என்ற என் பெயரே இருக்காது.

இந்த ஓட்டத்துக்குப் பாதை கிடையாது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். காட்டுக்குள் நட்டிருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடிப் போய், விரலில் மாட்டிய சிப்பை ஒவ்வொரு கொடியின் பெட்டியிலும் செருக வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றை மாற்றி எடுத்தாலும் ஓடியதே கணக்கில் வராது.

காவியாவுக்கு அந்த மலை கொல்லைப்புறம் மாதிரி. ஆலங்காயத்துக்காரி, அவள் அப்பா மினி லாரியில் மலை ஊர்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். லீவு நாளெல்லாம் அந்த லாரியில் தொற்றிக்கொண்டு சுற்றியவள். தரவரிசையில் முதல் பெயர் அவளுடையது. அவளை ஜெயிக்கும் ஆசை எனக்குத் துளியும் இல்லை. அவளுக்கு அடுத்து வந்தாலே அருணாவைத் தாண்டிவிடலாம்.

அப்படியே வந்தேன். சாமைக் கொல்லையைக் கடந்து பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்தபோது காவியா எல்லைக்கோட்டைத் தாண்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாட்சைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனுக்கு அடுத்து நீதான்டி. டீம்ல வந்துட்டே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செகண்டு வந்த சந்தோஷத்தில் அழுத ஆளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

காவியாவின் சிப்பைக் கம்ப்யூட்டரில் செருகிய பூபாலன் சார் நிமிர்ந்து பார்த்தார். முடிவு போடுவது அவர் வேலை.

"ஏம்மா, அஞ்சாவது கொடி எங்க எடுத்தே?"

"பலாமரத்து ஓடைல தான் சார்."

"அது பசங்களுக்கு வெச்ச கொடி. உன்னுது பக்கத்து ஓடை. நம்பர் பாக்கலியா?"

"பலாமரத்து ஓடைக்கு இன்னாத்துக்கு சார் நம்பரு? நான் பாக்காத ஓடையா?"

வழி தெரியாத நாங்கள் எல்லோரும் எண்ணைப் பார்த்துச் செருகினோம். அவளுக்கு எல்லாம் தெரியும், அதனால் பார்க்கவில்லை. அவள் ஓட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள். முதலிடம் எனக்கு வந்தது. கழுத்தில் மெடல் விழுந்தபோது காவியாவே கை தட்டினாள், பாவி.

அப்புறம்தான் தரவரிசைப் புள்ளி போட்டார்கள். முதலிடத்துக்கு இத்தனை என்று நிலையான புள்ளி கிடையாது. ஓட்டத்தை முடித்தவர்கள் எவ்வளவு பலமானவர்கள், எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பார்த்துத்தான் அன்றைய பந்தயத்துக்கு மதிப்பு. காவியா கணக்கில் இருந்தால் அவளுக்கு அடுத்தவளுக்கும் நல்ல புள்ளி கிடைக்கும். அவள் போனதும் மிச்சமிருந்தவர்களில் பெரிய ஆள் நான்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தச் சர்க்கரைக்கு என்ன விலை கிடைக்கும்?

"ரெண்டு பாயிண்டு கம்மிம்மா," என்றார் சார். "அருணா தான் நாலாவது."

"நான் ஜெயிச்சேனே சார்."

"ஜெயிச்சேம்மா. காவியா கொடிய ஒழுங்கா எடுத்திருந்தா நீ செகண்டு. டீம்லயும் இருந்திருப்பே."

காவியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பந்தயங்களின் புள்ளியே அவளுக்குப் போதும். அருணா கட்டிலில் படுத்தபடியே உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காவியா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபடியே இருந்தாள். அவள் கை சூடாக இருந்தது மட்டும் தெரிந்தது.

மலையிறங்கும் பஸ்ஸில் அண்ணன் வக்கார் போன் செய்தான்.

"இன்னா ஆச்சு?"

"ஃபர்ஸ்ட்டு."

"மாஷா அல்லாஹ். அப்போ டீம்ல இருக்கே."

"இல்லண்ணே."

"ஃபர்ஸ்ட்டுன்றே, டீம்ல இல்லன்றே. இன்னா விளையாட்டு இது?"

மெடலைக் கழற்றிப் பையில் போட்டேன்.

"எனுக்கு முன்னாடி யாரும் இல்லாம பூட்டாங்கண்ணே," என்றேன்.