வீரமுத்து கங்காணியின் ஊமை ஆள்

புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வேலைக்கான வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற கனகசுந்தரம், மலாயாவில் ஜொகூர் சீமை ரெங்கத்துக்கு அருகே இருந்த அந்தத் தோட்ட ஆஸ்பத்திரியின் பின்வாசல் படியில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பற்கள் தந்தியடித்தன. வந்திருப்பது மலேரியா என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். அதற்கு என்ன மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் மருந்து அலமாரிக்குள் இருந்தது, அலமாரிச் சாவி பெரிய டிரஸ்ஸர் சோமசேகரத்தின் இடுப்பில் இருந்தது. சோமசேகரமும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அந்தத் தைரியத்தில்தான் காலையில் அவரிடம் போய் நின்றான்.

"தம்பி, கூலியாளுக்குச் சட்டம் இருக்குது. ஆபீஸ் கிராணிமாருக்குக் கொம்பனி இருக்குது. நீர் கடல் கடந்து படிக்க வந்த பொடியன். உமக்கு ஆர் இருக்கினம்?"

"நீங்கள் இருக்கிறியள் எண்டு நினைச்சன், ஐயா."

"நல்லா நினைச்சீர். ஊர்க்காரனுக்குக் கட்டில் குடுத்தன் எண்டு நாளைக்குத் துரை என்னை நிப்பாட்டி வைச்சுக் கேப்பார். அதோடை, இது இங்கத்தை நுளம்பு கடிச்சு வந்த காய்ச்சல் எண்டு ஆர் கண்டது? உம்மடை ஊரிலை இருந்தே கொண்டு வந்திருப்பீர்."

கப்பலில் டிரங்குப் பெட்டியோடு காய்ச்சலையும் ஏற்றிக்கொண்டு வந்து, அதை எட்டு மாதம் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்து இன்றைக்குத்தான் பிரித்திருக்கிறான் என்பது பெரிய டிரஸ்ஸரின் கட்சி. கனகசுந்தரம் பதில் சொல்ல வாயெடுத்தான். பல் இடித்ததில் நாக்குத்தான் கடிபட்டது.

நோயாளிகளை ஓட்டிக்கொண்டு வந்த வீரமுத்து கங்காணி படியருகே நின்றார். போன மாதம் இவருடைய ஆட்களுக்குப் புண் கட்டும்போது மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, "தள்ளி நில்லுங்கோ, மணக்குது" என்றவன் இவன். கங்காணி அதை மறக்கவில்லை. மறக்காதது மட்டுமல்ல, தினம் ஒரு தடவை ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் நடித்தும் காட்டிக்கொண்டிருந்தார்.

"அலமாக்! டிரஸ்ஸர் மாப்ளைக்குக்கூடக் குளிருதா?"

"போம் ஐயா, உம்மடை வேலையைப் பாரும்."

"அதத்தான் பாக்குறேன். நீ செத்தா எங்க ஆளுங்கதான் குழி வெட்டணும். மழக்காலத்துல எவன் வெட்டுறது?" வீரமுத்து வெற்றிலையைத் துப்பினார். "என் ஆளுன்னு வா. கங்காணி கூட்டியாந்தா கட்டில் உண்டு, மருந்து உண்டு. எவனும் ஏன்னு கேக்க மாட்டான்."

"நான் கூலியாளோ?"

"இல்ல லா, நீ பெரிய படிப்பாளி. இங்கனயே உக்காந்து படி."

அவர் நகர்ந்தார். அடுத்த குளிர் முதுகெலும்பைப் பிடித்து உலுக்கியபோது கனகசுந்தரத்தின் குலமும் கோத்திரமும் அவனுக்கு முன்பாகவே எழுந்துவிட்டன. "கங்காணி…" என்றான்.

"கங்காணியா?"

"கங்காணியார்."

"அப்படிச் சொல்லு. ஒண்ணு, நீ வாயத் தொறந்தா யாழ்ப்பாணம் கொட்டிரும். ஊமையா இரு. செவிடும் சேத்துக்க, செலவில்ல."

அப்படியாக, வகுப்பின் முதல் மாணவன் முண்டாசு கட்டிக்கொண்டு, வீரமுத்து கங்காணியின் ஊமை ஆளாகக் கூலியாட்கள் வார்டில் படுத்தான். மறுநாள் சோமசேகரம் பார்த்துவிட்டார். வெளியே தள்ளினால், இவன் எப்படி உள்ளே வந்தான் என்று தாம் டாக்டருக்குச் சொல்லவேண்டும். கட்டிலுக்குக் குனிந்து, "வாயைத் திறந்தீரோ, கட்டிலும் இல்லை, வகுப்பும் இல்லை. அந்தக் கங்காணிக்குத் தோட்டமும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொய்னா மருந்து வேளாவேளைக்கு வந்தது. கசப்பு தொண்டையிலேயே குடியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் அவனிடம் தன் குடும்பச் சண்டை முழுவதையும் சொல்லித் தீர்த்தான். ஊமையிடம் ரகசியம் பத்திரம் அல்லவா.

மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டர் அந்த வாரம் வந்தார். வகுப்புப் பையன்கள் பின்னால் வரிசையாக வந்தார்கள். கறுத்த முகங்களுக்குள் வேற்றுமை பார்க்கிற கெட்ட பழக்கம் டாக்டருக்குக் கிடையாது. மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் வார்டிலேயே யாருக்குப் பெரியது என்று தடவிப் பார்த்து, இந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்தார்.

"இவனுக்கு எந்த ஊர்?"

"ஊமைங்க தொரை. செவிடுங்க," என்றார் வாசலில் நின்ற வீரமுத்து. சோமசேகரம் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவன் விலாவின் கீழே விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கியதில் சிலருக்கு விரல் நடுங்கியது. மணியத்துக்கு நடுங்கவில்லை. பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவுகிறவருடைய மகன். அவன் வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்கும்போதெல்லாம் கனகசுந்தரம் சிரித்திருக்கிறான், மற்றவர்களையும் சிரிக்க வைத்திருக்கிறான். மணியம் விரல்களை நிதானமாக உள்ளே இறக்கினான்.

"என்னடா ஊமை, வலிக்குதா?" என்றான், உதடு அசையாமல். "வலிச்சா சொல்லு. அழகா இங்கிலீஷ்ல சொல்லு."

கனகசுந்தரத்தின் கண்ணில் நீர் முட்டியது. முண்டாசு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

டாக்டர் மணியத்தின் தோளைத் தட்டி இங்கிலீஷில் கேட்டார்: "கொய்னா அளவுக்கு மிஞ்சினால் நோயாளி முதலில் எதைப் பற்றி முறையிடுவான்?"

மணியம் விழித்தான். டாக்டர் இன்னொரு தடவை, மெதுவாக, முட்டாளிடம் பேசுகிற குரலில் கேட்டார். போன மாதம் இப்படித்தான் ஒருவன் பதில் சொல்லாமல் நின்றான். இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மரம் சீவும் சீவுளியைப் பிடிக்கத் தோட்டத்துக்கே திரும்பினான்.  விலாவில் இருந்த மணியத்தின் விரல்கள் அமுக்குவதை மறந்து வெறுமனே கிடந்தன. அவை சில்லிட்டிருந்தன.

நன்றாக அனுபவி, என்று கனகசுந்தரம் முதலில் நினைத்தான். முழு மனதோடுதான் நினைத்தான். ஆனால் பதில் அவனுடைய இரண்டு காதுகளிலும் மூன்று நாளாக, கொய்னா தின்ற பலனாக, சில்வண்டுக் கூட்டம் போல, இரைந்துகொண்டிருந்தது. வகுப்பில் அவனுக்கு மட்டுமே தெரிந்த பதில், இப்போது அவனுக்கு மட்டுமே கேட்கிற பதில்.

வாயைத் திறக்க முடியாது. இங்கிலீஷ் கேள்வி புரிகிற செவிட்டு ஊமை இந்த ஜொகூர் சீமையில் கிடையாது. டாக்டரோ கட்டிலில் கிடக்கும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோமசேகரத்தின் கை இடுப்புச் சாவியைப் பற்றியிருந்தது. கேட்டது என்னவென்று தெரியாத வீரமுத்து மட்டும், தன் ஆளைப் பெரிய டாக்டரே இவ்வளவு நேரம் பார்க்கிறாரே என்ற பெருமையில் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

கம்பளிக்குள்ளிருந்து கனகசுந்தரத்தின் வலது கை வெளியே வந்தது. மார்பைத் தாண்டி, தாடையைத் தாண்டி, மேலே காதுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மணியத்தின் கண்கள் அதன் பின்னாலேயே ஏறின.