அன்ரன் காணாத சிறுத்தை

1

இந்தக் கதை பிறந்தது பொறாமையில். உள்ளதை முதலே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் என்னைப் பிடிக்க ஏலாது. யாரில் பொறாமை என்றால், அன்ரனில். ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்ரேசன் தள்ளி இருக்கிறான், பேக்கரியில் வேலை. ஜெர்மன் பாஸ்போட் கையில் கிடைத்ததும் எங்கட சனம் கனடாவுக்கும் லண்டனுக்கும் சொந்தக்காரரைப் பார்க்க ஓடும். இந்த மனிசன் 2004இல் கென்யாவுக்குப் போனான், சிறுத்தை பார்க்க. ஒரு கிழமை ஜீப்பில் அலைந்தும் சிறுத்தை அகப்படவில்லை. சரி, வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டியதுதானே? எடுத்த வீடியோக் கசற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தான்.

(எங்கட சனத்தில் இது ஒரு முறை. கலியாணமோ சாமத்தியச் சடங்கோ பயணமோ, எடுத்த வீடியோவை வெட்டாமல் கொத்தாமல் முழுசாகப் போட்டுக் காட்டவேணும். மற்றவர்கள் றோல்ஸ் கடித்தபடி முழுசாகப் பார்க்கவேணும். இடையில் எழும்பினால் மரியாதையில்லை. என் கதையை வாசிக்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் டொக்டரிடம் போக நேரம் குறித்த டெர்மின் இருக்கும்.)

2

தொடக்கம் ஒன்று: "சூரியன் எழும்ப முன்னமே அன்ரன் துவக்கோடு..." இல்லை, அவனிடம் இருந்தது கமெரா மட்டும்தான்.

தொடக்கம் இரண்டு: "புதருக்குள்ளிருந்து பாய்ந்த சிங்கம் அன்ரனின்..." இதை என் மனிசி சிவமலர் வெட்டிவிட்டாள். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கினமாம். என் கதையில் நான் ஒருத்தனைக் கொல்லக் கூடாதா? எழுதுகிறவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கு?

தொடக்கம் மூன்று: "ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் நாலு மணித்தியாலம் புல்லுப் பார்த்தோம்." இது உண்மை. இதோடு போவம்.

3

புல். பிறகும் புல். ஒரு மரம். ஜீப் குலுங்க மரமும் குலுங்கியது. அன்ரன் டிவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னான். இந்த மரத்தில்தான் இருக்கும் என்று நினைத்தானாம், டிரைவர் மூச்சுக்கூட விடவேண்டாம் என்றாராம், காத்திருந்தார்களாம், இல்லையாம். அடுத்த மரத்துக்கும் இதே கதை. இல்லை என்று முடிகிற கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான், சனம் ஒவ்வொரு தரமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்குது.

சிவமலர் சம்மணம் கட்டி இருந்தவள், கண்ணெடுக்கவில்லை. என்னுடைய கதைகளுக்கெல்லாம் முதல் வாசகி இவள்தான்.* அன்றைக்கு எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சிறுத்தை பார்க்க ஹம்பேர்க்கிலேயே மிருகக்காட்சிச்சாலை இருக்கே, எஸ்-பான் ரெயினில் போயிருந்தால்...

(இந்த வசனத்தை இதோடு விடுகிறேன். அன்றைக்குச் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை.)

* மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விடுகிற வாசகி.

4

எல்லோரும் போன பிறகு, கோப்பை கழுவிக்கொண்டே சிவமலர் சொன்னாள், தான் சிறுத்தையைக் கண்டதாக. கசற்றில்தான். ஒரு மரத்தில், படத்தின் ஓரமாக, வால் மட்டும் தொங்கி ஒருக்கால் அசைந்ததாம். அன்ரன் எங்களுக்குக் காட்டவென்று கமெராவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துப் பார்த்தே அதைத் தவறவிட்டிருக்கிறான்.

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காணேல்லை எண்டதைத்தானே அன்ரன் அண்ணை அவ்வளவு வடிவாச் சொல்லுறார். இருந்தது எண்டு நான் சொன்னா, பிறகு அவரிட்ட என்ன மிஞ்சும்?"

பாருங்கோ இவளை! கலியாணம் கட்டிய நாள் தொட்டு என் கதை ஒன்றையாவது இப்படிப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறாளா? எந்த மரம் என்று கேட்டேன். சொல்ல ஏலாதாம்.

"நீங்கள் எழுதிப்போடுவியள்."

5

என் கையில் இருக்கிற முடிவுகள்:

அ) அன்ரனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். அவன் கதை அன்றோடு சரி. ஆனால் எந்த மரம் என்று கேட்பானே?

ஆ) கொப்பி அடிக்க வேணும் என்று கசற்றை இரவல் வாங்கி நானே கண்டுபிடிக்கிறேன். (வாங்கினேன். சனிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். புல்.)

இ) சிறுத்தையே இல்லை, சிவமலர் சும்மா சொன்னாள். இதுதான் எனக்குப் பயம். அப்படியென்றால் இந்த வீட்டில் கதை சொல்லத் தெரிந்தவள் அவள்தான். ஒரு வாலை மட்டும் வைத்து என்னை இரண்டு கிழமையாகக் கட்டிப்போட்டிருக்கிறாள். இப்போது என் பொறாமை அன்ரனில் இல்லை.

6

இதை எழுதும்போது கசற் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவமலர் இரண்டு தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இன்னும் பிடிபடேல்லையே?" என்றாள்.

நான் அடுத்த மரத்தில் கண்ணை வைத்தேன். அவள் எழும்பவில்லை. டிவியைப் பார்க்காமல், நான் பார்க்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு பின்னேரம் முழுக்க என் பக்கத்தில் அவள் இருந்து எத்தனை காலம்! கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவாள் போலத்தான் இருக்கிறது. சொன்னால் எழும்பிச் சமைக்கப் போய்விடுவாள்.

கசற் முடிந்தது. முதலிலிருந்து சுற்றித் திரும்பப் போட்டேன். எந்த மரம் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லாதேங்கோ.