பஞ்சாங்கத்தில் இல்லாத பண்டிகை

“பல்லக் காட்டுங்க சிபி சாரே, அதுக்குத்தானே இந்த வேசம்” என்றேன். டிராகுலா வாயைத் திறந்தார். பிளாஸ்டிக் பல் கழன்று அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. அதற்குள் அழுத்திவிட்டேன். விழுந்த பல்லைப் பார்த்துத் திகைக்கும் டிராகுலாவை எந்த ஊரிலும் எவரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள். என் வேலையைப் பற்றி எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. ஆரியசாலையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எவ்வளவு விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், எழுந்து போவதற்குள் அவர்களின் சொந்த முகத்தை வாங்காமல் விட்டதில்லை.

பட்டம் பகுதியில் இருந்த அந்த ஃபிளாட்டில் ஹாலோவீன் கொண்டாடுவது ரெஷ்மாவின் யோசனை. நியூஜெர்சியில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மார்த்தாண்டத்துக்காரி, அசோசியேஷன் செக்ரட்டரி, பல் விழுந்த டிராகுலாவின் மனைவி. ‘இறந்தவர்கள் திரும்பி வரும் நாள், அதற்கேற்ற வேஷத்தில் வரவும், நல்ல வேஷப் படத்துக்குப் பரிசு உண்டு’ என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். கீழே கார்களை வெளியே எடுத்துவிட்டு, தூண்களில் கறுப்புக் காகிதம் சுற்றி, மத்தங்காய்ப் பூசணியைக் குடைந்து மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். குடைந்தெடுத்த சதை எரிசேரிக் கூட்டாகிப் பக்கத்து மேசையில் இருந்தது. நம் ஊரில் பேய்க்கு மத்தங்காய் கொடுத்தாலும் எரிசேரியை விட்டுக்கொடுக்க மாட்டோம். என் அம்மா எலிசாளுக்குத்தான் காலையிலிருந்தே மனசில்லை. “பேயப் படம் பிடிக்கவா போற? சபையில நாலுபேரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்றாள். “பேய்க்கும் போட்டோ வேணும்லாம்மா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சாயங்காலத்துக்குள் ஐப்பசித் துலாமழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் கறுப்புத் துணி கட்டி, இரண்டு விளக்கு வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலுமாக யட்சிகள்தான் நிறைய. பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற குற்றாலலிங்கம் அட்டைக் கதாயுதமும் ஒட்டு மீசையுமாக எமனாக வந்திருந்தார். எல்லோரிடமும் “பயமுறுத்துங்க” என்று சத்தம் போட்டேன். எல்லோரும் பத்து விரலையும் விரித்தார்கள். யட்சியும் எமனும் டிராகுலாவும் ஒரே மாதிரி விரலை விரித்தால் நான் என்ன செய்வது? கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் விளக்குக்கு முன்னால் வந்து நின்றான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தலையில் மாவைத் தடவி நரையாக்கியிருந்தான். கால்வரை தழைந்த வேஷ்டி, அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தடித்த கண்ணாடி, இடது கக்கத்தில் குடை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, முகவாயைச் சற்றே தூக்கி நின்றான்.

“இது என்ன வேசமாக்கும் சாரே?”

“எங்கப்பா” என்றான். “செத்தவா திரும்பி வர்ற நாள்னுதானே நோட்டீஸ்ல போட்டிருந்தது, சேச்சி? எனக்குத் தெரிஞ்சு செத்துப்போனவர் அவர் ஒருத்தர்தான்.”

சிரிக்க வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். மேல்மாடிக்காரன், பெயர் ஜெயந்த். அப்பா வெங்கடகிருஷ்ணன் செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்தவர். ஸ்ரீவராகம் தெருவிலிருந்து இங்கே குடிவந்து கொஞ்ச நாளில், மாசி மாதம் போய்விட்டார். வருஷம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது. ஓணமும் நவராத்திரியும் இல்லாமல் போயின, வரப்போகிற தீபாவளியும் இல்லை. “இது பஞ்சாங்கத்துலயே இல்லாத பண்டிகை சேச்சி. இதுக்கு யார் என்ன சொல்ல முடியும்?” என்றான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவ கீழயே இறங்கறதில்லை. அப்பா போனதிலேர்ந்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சமைக்கறா, துடைக்கறா, மறுபடியும் துடைக்கறா. நீங்க நன்னா ஒரு படம் எடுத்துக் கொடுங்கோ. அதைக் காட்டினா சிரிப்பாளோன்னு ஒரு ஆசை.”

“அழுதுட்டாங்கன்னா?”

“அழுதாலும் தேவலை.”

எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. இவனுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் இன்றைய வேலை, மற்றதெல்லாம் கணக்கில் சேராது என்று தோன்றியது. லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் எதுவோ விழுந்தது. எரிசேரிக் கிண்ணத்தோடு திரும்பி வந்த குற்றாலலிங்கம் விளக்கு வெளிச்சத்தில் அவனைப் பார்த்துவிட்டு, “ஐயோ சாமி!” என்று கதாயுதத்தைக் கீழே போட்டிருந்தார். எமனே பயந்துபோன ஆள் அன்றைக்கு இவன் ஒருவன்தான். ரெஷ்மா ஓடிவந்து என் காதருகே குனிந்தாள். “லிபி, இவருக்க படத்தப் போட்டியில சேக்காண்டாம். இவருக்க அப்பாவப் பாத்துப் பழகினவங்க இருக்காங்கல்லா? ஆளுகளுக்கு ஒருமாதிரி வருது.” பேய்விழாவில் பயம் வருகிறது என்று புகார் சொல்கிறவளை என்ன செய்ய? “பிரைஸ் இவருக்குத்தான் குடுக்கணும்” என்றேன்.

அவளோ மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தின் அம்மா வாலாம்பாள் மாமி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். யட்சிகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். அவள் அவர்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. “ஜெயந்த், பீரோல இருந்த அப்பா சட்டை எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், விளக்கு வெளிச்சத்தில் அவனைப் பார்த்ததும் நின்றாள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

சிரிப்பாள் என்று நான் நினைத்தேன். அழுதாலும் சரி என்று காமிராவைக்கூடத் தூக்கினேன்.

“அதைத் துவைக்காம வச்சிருந்தேன்டா” என்றாள்.

குரல் உயரவே இல்லை. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அவர் கழற்றிப் போட்ட சட்டை. பாத்திரம், தரை, ஜன்னல் என்று எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தவள் அந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜெயந்த் இரண்டு விளக்கின் சூட்டில் நின்று முதுகெல்லாம் வியர்த்து அதை நனைத்துவிட்டான். நிற்கவைத்தவள் நான்.

அவன் முகம் விழுந்துபோயிற்று. “தெரியாதும்மா. எனக்குத் தெரியவே தெரியாது” என்று பட்டனைக் கழற்றத் தொடங்கினான். அவசரப்பட்டதில் ஒன்றுகூடக் கழலவில்லை.

“விடு. இத்தனை பேர் முன்னாடி சட்டையைக் கழட்டுவாரா அவர்?”

மாமி கிட்டே போனாள். இடது கக்கத்தில் இருந்த குடையை உருவி வலது கையில் கொடுத்தாள். காலரை நீவுகிறவள்போல அவன் தோளருகே குனிந்தாள். கண்களை மூடினாள். முகர்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ரெஷ்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். மாமிக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகனின் வியர்வையும் மாவும் தாண்டி அங்கே என்ன மிச்சம் இருந்திருக்குமோ? நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, வழியவில்லை.

“எடுக்கறதுன்னா எடு கொழந்தே” என்றாள் என்னிடம். பிறகு அவனுக்கு இடதுபுறம், ஓர் ஆள் நடுவில் நுழைந்து போகலாம் போல இடைவெளி விட்டு நின்றுகொண்டாள்.

“கிட்ட வாம்மா” என்றான் ஜெயந்த்.

“அவரோட வெளியில நின்னா இப்படித்தான் நிப்பேன்.”

நான் யாரிடமும் எதையாவது சொல்லி முகத்தை மாற்றுகிறவள். அன்றைக்கு அவர்களை அப்படியே விட்டுவிட்டு காமிராவில் கண்ணை வைத்தேன். இருவரும் ஒரே மாதிரி முகவாயைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்தார்கள். மழை பெரிதாகக் கொட்டத் தொடங்கியது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பல்லையும் மீசையையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அப்போது மாமியின் வலது கை மட்டும் மெல்ல நகர்ந்து அந்த இடைவெளியைக் கடந்தது. தொங்கிக்கொண்டிருந்த சட்டை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தது.

அழுத்தினேன். “ஆச்சு மாமி” என்றேன். அவள் விடவில்லை.