மஞ்சள் தண்ணீரில் குளித்த அலுமாரி

சும்மா கிடைக்கிறது என்றால் போதும், என் மனிதர் கோபாலசிங்கம் ஓட்டைச் சட்டியையும் வீட்டுக்குத் தூக்கி வருவார். நான் துப்புரவு வேலை செய்யும் அப்புக்காத்து சிஞ்ஞோரா, அதாவது வக்கீல் அம்மா, தன் கந்தோருக்குப் புதுத் தளபாடம் வாங்கினாள். பழைய இரும்புக் கோப்பு அலுமாரிகள் இரண்டையும் காட்டி, வேண்டுமென்றால் எடு என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற இவர் முந்திக்கொண்டு 'கிராத்ஸியே' என்று நன்றி சொல்லிவிட்டார்.

அந்தச் சாம்பல் நிற அலுமாரிகளைப் பதினொரு வருடம் துடைத்தவள் நான். முதல் வருடமே அவற்றிலிருந்து ஒரு காணிப் பத்திரம் காணாமல் போனது. சிஞ்ஞோரா என் கைப்பையை எல்லோர் முன்னிலும் மேசையில் கொட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அன்று முதல் அலுமாரியின் இழுக்கும் லாச்சிகளுக்குப் பூட்டு. நான் வீட்டுக்குப் புறப்படும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி, மாற்றுடுப்பு, எல்லாவற்றையும் பார்ப்பாள். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, காட்டினேன்.

அந்தச் சனியன்கள்தான் இப்போது ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றன. மகள் ஜெனனிக்குப் படிக்க மேசை செய்யப் போகிறாராம். இரண்டு அலுமாரி, மேலே ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பலகையைப் பிரான்காச்சோவில் உள்ள பலகைக் கடையில் வெட்டுவித்து, பஸ்ஸில் ஏற்றி, சாரதியிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய தச்சன்!

"பிறத்தியாற்றை சாமான். மஞ்சள் தண்ணியாலை கழுவாமல் உள்ளை எடுக்கக் கூடாது" என்றார்.

"இரும்புக்கும் கண்ணூறோ? வெக்கமில்லையோ உங்களுக்கு? கீழ்வீட்டுச் சனம் பாத்துச் சிரிக்குது."

"நீர் சும்மா இரும்."

அரைகுறையாகக் கழுவினால் தோஷம் போகாதாம். லாச்சிகள் எல்லாவற்றையும் முழுதாக இழுத்துக் கழற்றினார். அடி லாச்சிக்குப் பின்னால் ஏதோ கசங்கிக் கிடந்தது. மஞ்சள் கையோடு எடுத்து நீட்டினார். அதே காணிப் பத்திரம். அன்று சிஞ்ஞோரா கத்திக் கத்திக் கேட்ட அந்தப் பெயரை நான் எப்படி மறப்பேன்?

எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. அடுத்த நாள் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னமே அதைச் சிஞ்ஞோரா முன் வைத்தேன். ஒரு மன்னிப்பாவது வரும் என்று நின்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட, இதுவா? அந்தக் கிழமையே வேறு பிரதி எடுத்துவிட்டோமே. எறிந்துவிடு."

அந்தக் கிழமையே! பிறகு பத்து வருடம் என் பைக்குள் எதைத் தேடினாள்? கேட்கவில்லை. பதில் சொல்லும் தகுதி அவளுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்து புறப்பட்டபோது வழக்கம்போல் வாசலில் வந்து நின்றாள். நான் பையைத் திறக்கவில்லை. அவளுடைய முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டில் மேசை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு அலுமாரி மற்றதைவிட அரை விரல் உயரம் கட்டை. அதைக்கூட அளந்து பார்க்காத மனிதர், மட்டைத் துண்டு தேடி வீடெல்லாம் கிளறினார்.

"தேடாதேங்கோ. என்னட்டை இருக்கு."

பத்திரத்தை நாலாக மடித்து, கட்டை அலுமாரிக்குக் கீழே செருகினேன். ஜெனனி இரண்டு முழங்கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப ஆடேல்லை அம்மா" என்றாள்.